மாத்திரை வேண்டாம் என்று நான் சொன்னேன்

செல்வம் திருடன் அல்லன், நோயாளி. அதை அறிந்திருந்தும் காவல் நிலையத்தில் மறைத்தேன். அவன் இன்று சிறையில் கிடப்பது என்னால்தான். இதை முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். பிறகு என்னைப் பற்றி எதை வேண்டுமானாலும் எண்ணுங்கள்.

ஈஜிபுராவில் எங்கள் சிவன் கோவிலில் நெடுங்காலமாகத் திருமுறை ஓதுபவன் நான். பொம்மனஹள்ளி ஆடைத் தொழிற்சாலையில் துணி மடிக்கும் செல்வம், திங்கட்கிழமைதோறும் வழிபாட்டுக்கு வருவான். நான் பதிகத்தைத் தொடங்கியதும் கண்ணீர் வடிப்பான். சன்னிதியை நோக்கி வாய்விட்டுப் பேசுவான். மறுமொழி கேட்டவன்போலத் தலையசைப்பான்.

இறைவனுக்காகப் பித்தாகித் திரிந்த அடியார்களை வாழ்நாளெல்லாம் பாடியவன் நான். அப்படி ஒருவன் என் குரலுக்கே வந்து வாய்த்தான் என்று பூரித்தேன்... என்ன செருக்கு!

அவன் அக்காள் கல்யாணி ஒருநாள் தயங்கியபடி சொன்னாள்: "ஐயா, ஆஸ்பத்திரியில இவனுக்கு மாத்திரை குடுத்திருக்காங்க. போட்டா ஒழுங்கா தூங்கறான், வேலைக்குப் போறான். ஆனா சாமிகிட்ட பேசறதே இல்ல."

"இது நோய் இல்லம்மா, அருள். மாத்திரை வேணாம்."

செல்வம் அருகில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான்.

அதன்பின் மாத்திரை நின்றது; அவன் உறக்கமும் போயிற்று. ஒரு காலையில் லிங்கத்தின் மேலிருந்த வெள்ளி நாகாபரணத்தை எடுத்துத் தன் கழுத்தில் அணிந்துகொண்டு ஓசூர் சாலையில் நடந்தான். கோவில் குழுவினர் திருட்டுப் புகார் கொடுத்தனர். சாட்சியாக என்னை அழைத்துச் சென்றனர்.

"ஏனப்பா மாப்ளே, நகையெல்லாம் போட்டுக்கினு கல்யாணத்துக்கா?" என்றார் ஒரு காவலர்.

"சாமிக்குக் கழுத்து வலிக்குதாம் சார். கொஞ்ச நேரம் நான் வச்சிக்கிறேன்னேன்."

எல்லோரும் சிரித்தனர். நானும்... ஆம், நானும் சிரித்தேன்!

ஆய்வாளர் என்னிடம் திரும்பினார். "பெரியவரே, இவன் நெஜமாவே பைத்தியமா, நடிக்கிறானா?"

நோய் என்று சொன்னால், மருந்தை நிறுத்தியது யார் என்று கேட்பார்களே! "எனக்குத் தெரியாதுங்க" என்றேன்.

பின்னர்க் கல்யாணி மருத்துவச் சீட்டுடன் காவல் நிலையத்துக்கு ஓடியிருக்கிறாள். கோவில் ஐயாவே தெரியாது என்றுவிட்டார் என்று விரட்டியிருக்கிறார்கள். அவள் என்னிடம் கேட்டது இவ்வளவுதான்: "ஐயா மறந்துட்டீங்க போல?"

அப்போதும் நான் வாய் திறக்கவில்லை. நீங்களாக இருந்தால் திறந்திருப்பீர்களா? அந்தக் கேள்விக்குப் பின்னால் ஒளிய இனி நான் விரும்பவில்லை.

மாதங்கள் கழிந்தன. சிறையில் அவன் அலறுவதும் உடனிருப்போர் அடிப்பதும் கல்யாணி வாயிலாகவே தெரிந்தன. பிறகு ஒருநாள் சொன்னாள்: "உள்ள டாக்டரு மாத்திரை குடுத்தா துப்பிடறானாம். ஐயா வேணாம்னு சொல்லியிருக்காருங்கிறான்."

மறுநாளே வழக்கறிஞரிடம் சென்றேன். மாத்திரையை நிறுத்தச் சொன்னதையும் நோயை மறைத்ததையும் நீதிமன்றத்தில் உறுதிமொழியோடு எழுதிக் கொடுத்தேன். அவன் இருக்க வேண்டிய இடம் மருத்துவமனை. சிகிச்சை அவனுக்கு யாரும் இடும் பிச்சை அன்று, அவன் உரிமை! கோவில் குழுவினர் என்னை ஓத வேண்டாம் என்றனர், சரி என்றேன். வழக்கு இன்னும் நடக்கிறது. ஒவ்வொரு விசாரணைக்கும் போய் நிற்கிறேன்.

சென்ற வாரம் சிறையில் கம்பிவலைக்கு இப்பால் நின்று சொன்னேன்: "செல்வம், நான் சொன்னது தப்புப்பா. மாத்திரையைச் சாப்பிடு."

மெலிந்த முகத்தை வலையோடு ஒட்டி என்னை நெடுநேரம் பார்த்தான்; பிறகு சிரித்தான்.

"நல்லா ஐயா மாதிரியே பேசறீங்க சார். ஆனா எங்க ஐயா இப்படிச் சொல்ல மாட்டாரு."

மீண்டும் போவேன். அவன் நம்பும் வரை போவேன்... நம்பாமலே போனாலும் போவேன்.