சிக்கு விழுந்த சவுரி

ஹட்டனில் ஒரு துணிக்கடைக்கு மேல்மாடியில் இருக்கிறது என் பார்லர். போன வருஷம், மழை விடாத ஒரு காலையில், டயகமவிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து ஓர் அக்கா வந்தார். தேயிலைக் கொழுந்து எடுக்கிறவர் என்று விரல்களைப் பார்த்ததுமே தெரிந்தது. உட்காரக்கூட இல்லை. பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து என் கையில் வைத்தார். உள்ளே ஒரு சவுரி. நிஜ முடி. ஆனால் தேங்காய் நார் மாதிரித் திரண்டு, நுனி கருகியிருந்தது.

"இத பழையபடி ஆக்கித் தர முடியுமா தங்கச்சி?"

"யாரு முடிக்கா இது?"

"என் மவளோடது. குவைத்துக்குப் போறப்ப வெட்டிக் குடுத்துட்டுப் போச்சு. நாளன்னைக்கு வருது."

தலைத்துண்டை இறக்கினார். உச்சியில் உள்ளங்கை அகலத்துக்கு முடியே இல்லை. இருபது வருஷமாகக் கொழுந்துக் கூடையின் கயிறு அழுத்திய இடம். என் அம்மாவுக்கும் அப்படித்தான். எல்லா அம்மாக்களுக்கும் அப்படி இருக்கும் என்றே சின்ன வயதில் நினைத்திருந்தேன். இந்த அக்கா பக்கத்து முடியை இழுத்து அதை மறைத்து, பின்னால் மகளின் முடியைச் சேர்த்துக் கொண்டை போடுவாராம்.

"கோயிலுக்கு மட்டுந்தான் போட்டேன். அப்புறம் மலைக்கு வேலைக்குப் போறப்பவும் போட ஆரம்பிச்சிட்டேன். போட்டா மவ கூடவே இருக்குற மாதிரி இருக்கும்."

மழையில் நனைந்ததைத் துணி சோப்பு போட்டுக் கசக்கி, அடுப்புக்கு மேலே தொங்கவிட்டிருக்கிறார்.

வெதுவெதுப்பான தண்ணீரில் கண்டிஷனர் கலந்து ஊறவைத்து, நுனியிலிருந்து விரலால் சிக்கெடுக்கத் தொடங்கினேன். ஃபேஷியலுக்கு ஒருத்தி காத்திருந்தாள். அவசரத்தில் கொஞ்சம் இழுத்துவிட்டேன். தையல் விட்டு, ஒரு பிடி முடி கையோடு வந்தது.

அக்கா குனிந்து, தரையில் விழுந்ததை ஒவ்வொன்றாகப் பொறுக்கினார்.

"மன்னிச்சிருங்கக்கா."

"நீ என்ன வேணும்னா செஞ்ச? எனக்கும் இப்படித்தான் வந்துச்சு. அதுக்கப்புறம் தொடவே பயமாயிருச்சு."

காத்திருந்தவளை மத்தியானம் வரச் சொல்லி அனுப்பினேன். பொறுக்கிய முடிகளை அக்கா வேர்ப்பக்கம் ஒன்றாகச் சேர்த்துப் பிடித்துக் கொடுக்க, நான் ஊசி நூலால் தைத்தேன். அந்த விரல்களின் வேகம் எனக்கு வரவில்லை. கருகிய நுனியில் நாலு விரற்கடை வெட்ட வேண்டியிருந்தது. வெட்டும்போது அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். டவலில் ஒற்றி, நீட்டி உலர்த்தி, கொண்டையாகப் போட்டுவிட்டேன்.

கண்ணாடியில் வெகுநேரம் பார்த்தார். "இத வாரிப் பின்னித்தான் ஸ்கூலுக்கு அனுப்புவேன்" என்றார்.

அடுத்த வாரம் மகளோடு வந்தார். அந்தப் பிள்ளைக்கு முடி கழுத்தளவுதான் இருந்தது.

"அங்க தண்ணி ஒத்துக்கலக்கா, கொட்டிருச்சு" என்றது. "அம்மா என்னப் பாத்ததும் வாசல்லயே அழுதுருச்சு, முடியக் கருக்கிட்டேன்னு. முடிதானேம்மான்னேன். எப்படிக் கழுவுறதுன்னு காட்டுங்க, இனிமே நானே கழுவிக் குடுக்குறேன்."

காட்டினேன். ஒருமுறை அதுவே செய்து பார்த்தது.

"அப்ப திரும்பப் போகலையா?"

"இல்லக்கா. இங்கயே டிக்கோயாவுல தையல் வேல கேட்டிருக்கேன்."

"கேட்டிருக்கேன்னு சொல்லாத, கெடச்சிருச்சுன்னு சொல்லு புள்ள" என்றார் அக்கா.