மெஷினுக்கு வைத்த ஜெபம்

சாத்தூரில் என் வீட்டுக்காரருக்கு ஒரு லேத் பட்டறை. பட்டாசுக் குழாயில் வெடிமருந்து அடைக்க அவர் ஒரு மெஷின் செய்தார். மருந்து உரசாது, ஆள் சுவருக்கு அந்தப் பக்கம் நின்று கைப்பிடியைத் திருப்பினால் போதும். நான் தீக்காய வார்டில் நர்ஸ். அந்த மெஷினின் அருமை அவரைவிட எனக்குத்தான் தெரியும்.

பேடன்டுக்கு விண்ணப்பம் தயாரானது. புது வீடானாலும் புது வண்டியானாலும் சபைப் பாஸ்டர் ஐயரைக் கூப்பிட்டு ஜெபம் பண்ணாமல் தொடங்காத குடும்பம் எங்களுடையது. விண்ணப்பம் போன பிறகு வைத்துக்கொள்வோமே என்று என் வீட்டுக்காரர் தயங்கினார்.

"ஜெபம் பண்ணாம பேப்பர அனுப்பாதீக" என்று நான்தான் ஒற்றைக்காலில் நின்றேன்.

சபையே பட்டறைக்கு வந்தது. ஆமென் சொன்ன கையோடு என் வீட்டுக்காரர் மெஷினின் மூடியைக் கழற்றி ஒவ்வொரு பாகமாக விளக்கினார். நான் அதை வீடியோ எடுத்து யூடியூபில் போட்டேன். எனக்குப் பெருமை தாங்கவில்லை. விண்ணப்பம் அடுத்த வாரம்தான் போனது.

பேடன்ட் கிடைத்தது. இரண்டு சீசன் போவதற்குள் வெளியூர்ப் பெரிய கம்பெனி ஒன்று அதே மெஷினைத் தன் பெயரில் விற்றது. நாங்கள் நோட்டீஸ் விட்டோம். விண்ணப்பத்துக்கு முன்பே ஊருக்குக் காட்டிய பொருளுக்குப் பேடன்ட் செல்லாது, ரத்து செய்யுங்கள் என்று அவர்கள் திருப்பி அடித்தார்கள். சான்றாகக் கொடுத்தது என் வீடியோவை. அவர்களுடைய வக்கீல்கள் தலைகீழாக நின்றாலும் கிடைத்திருக்காததை நானே தட்டில் வைத்துக் கொடுத்திருந்தேன்.

விசாரணை கம்ப்யூட்டர் திரையில் நடந்தது. வீடியோ ஓடியது. நடுவே, இன்னொரு தடவை திருப்பிக் காட்டச் சொல்லிச் சிரிக்கும் என் குரல். யார் எடுத்தது என்று கேட்டார்கள்.

"சபையில யாரோ" என்றார், பொய்யே சொல்லத் தெரியாத மனுஷர்.

நான் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தேன். அவர் என்னைத் திட்டியிருந்தால் தேவலை.

பேடன்ட் ரத்தானது. மெஷினை விற்பனைக்குச் செய்யப் பணம் போட வந்தவர் கைகழுவினார். பட்டறையில் இப்போது ஜன்னல் கம்பிக்கு வெல்டிங் நடக்கிறது. அந்தக் கம்பெனியின் மெஷினைப் பெரிய ஃபேக்டரிகள் வாங்கின. அதன் விலைக்குச் சின்னப் பட்டாசு செட்டுக்காரர்கள் பக்கத்தில்கூடப் போக முடியாது. என் வீட்டுக்காரர் மெஷின் செய்ததே அவர்களுக்காகத்தான்.

போன மாதம் அச்சங்குளத்திலிருந்து எங்கள் சபைப் பெண் ஒருத்தியை வார்டுக்குக் கொண்டுவந்தார்கள். குழாயில் மருந்து அடைக்கும்போது தீப்பிடித்து இரண்டு கையும் வெந்திருந்தன. கட்டுப் போடும்போது கேட்டாள்.

"அண்ணன் செஞ்ச மெசினு எங்க செட்டுக்கு எப்பக்கா வரும்?"

கையை ஆட்டாதே என்று மட்டும் சொன்னேன்.