மீன் பெட்டிக்காரன் கட்டிய படுக்கை வண்டி

எங்கள் தொழிலில் வேலை ஒழுங்காக இருந்தால் யாருக்கும் எதுவும் கேட்காது. கோணலாக இருந்தால் ஊருக்கே கேட்கும். பழைய வேனுக்குள் சத்தமும் சூடும் தடுக்க ஷீட் ஒட்டிவிட்டு, பசை நாற்றத்தோடு வீட்டுக்குப் போய்த் திட்டு வாங்குகிற சக தோழர்களே, என் பாட்டையும் கொஞ்சம் கேளுங்கள்.

பாய் கேட்டது

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைக்குப் பக்கத்தில் என் பட்டறை. பதினைந்து வருடமாக மீன் வண்டிகளுக்குக் குளிர்ப்பெட்டி கட்டுகிறேன். ஐஸ் உருகக் கூடாது. எனக்குத் தெரிந்த வித்தை அவ்வளவுதான். அப்படிப்பட்டவனிடம் பழவேற்காட்டில் துணிக்கடை வைத்திருக்கும் ஜப்பார் பாய் ஒரு பழைய வேனோடு வந்தார். இடுப்பு எலும்பு முறிந்ததிலிருந்து அவர் மனைவியால் பத்து நிமிடம் சேர்ந்தாற்போல் உட்கார முடியாது. எஞ்சின் இரைச்சல் கேட்டாலே தலை சுற்றி வாந்தி வேறு. மகளோ திருநெல்வேலியில் பிள்ளை பெற்றிருந்தாள்.

"படுத்துக்கினே போவணும் தம்பி. சத்தமும் சூடும் உள்ள வரக் கூடாது. கொறஞ்ச செலவுல முடிச்சிக் குடு. அவ பேத்திய கையில தூக்கணும், வேற இன்னா வேணும் எனக்கு?"

தெர்மகோல் கச்சேரி

குறைந்த செலவு என்றால் நமக்குக் கை தானாகப் பழைய சாமான் பக்கம்தான் போகும். மெஷின் வந்த பெட்டிகளில் இருந்த தெர்மகோலை மூட்டை மூட்டையாக வாங்கி, வெட்டி, சுவரெல்லாம் சொருகினேன். பொன்னேரி வரை ஓட்டிப் பார்த்தோம். ஒவ்வொரு பள்ளத்திலும் தெர்மகோல் தகரத்தில் உரசிக் கீச்சிட்டது. மீன் பெட்டியிலும் அது கீச்சிடத்தான் செய்யும், ஆனால் மீன் எதையும் வாய்விட்டுச் சொல்வதில்லை. பாய் இறங்கி நின்று காதைக் குடைந்துகொண்டார்.

"எஞ்சின் சத்தமே தேவல தம்பி. உள்ள நூறு எலி குடும்பம் நடத்திக்கினு கீது."

அரிப்பு

அத்தனையையும் பிடுங்கிப் போட்டேன். பாய்லர் குழாய்க்குச் சுற்றியதில் மிஞ்சிய கண்ணாடிப் பஞ்சு சல்லிசாகக் கிடைத்தது. கையுறைக்குச் செலவு செய்வானேன் என்று வெறும் கையால் திணித்தோம். இரண்டு நாள் சோறு பிசையக்கூட முடியவில்லை. என்னோடு பத்து வருடமாக வேலை செய்யும் ஏகாம்பரம் முதுகைக் கதவு விளிம்பில் தேய்த்துக்கொண்டே சொன்னார்.

"நைனா, வண்டில ஒட்டுனத விட நம்ம ஒடம்புலதான் ஜாஸ்தி ஒட்டிக்கினு கீது. பேசாம நம்மளையே உள்ள படுக்க வெச்சி ஆணி அடிச்சிடு."

ஜன்னல் வேண்டாம் என்றேன்

மூன்றாவது முறை பிடிவாதம் வந்துவிட்டது. தரையில் தார் ஷீட், அதன்மேல் ரப்பர், பஞ்சின்மேல் பலகை. கண்ணாடிகளையும் பலகையால் மூடினேன். டிரைவர் சீட்டுக்கும் படுக்கைக்கும் நடுவில் கனமான தடுப்பு வைத்து, இண்டு இடுக்கெல்லாம் பசை பூசினேன். காற்றுக்கு ஒரே ஒரு சின்ன ஃபேன். "தடுப்புல ஒரு சின்ன ஜன்னலாவது வுடு" என்று ஏகாம்பரம் இரண்டு தடவை சொன்னார். அது வழியாகச் சத்தம் வரும் என்று நான்தான் கேட்கவில்லை. அந்த ஜன்னலை நினைக்காத நாளில்லை இப்போது.

பாயம்மாவைக் கூட்டிவந்து படுக்க வைத்து, கதவைச் சாத்தி, நெடுஞ்சாலையில் ஒரு சுற்றுப் போனோம். திறந்தபோது அவர் முகமெல்லாம் சிரிப்பு. நானும் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன்.

"ரயில்வே கேட்டு எப்ப வந்துச்சி, எப்ப போச்சின்னே தெரில தம்பி. பேத்திக்கு வாங்குன கொலுச இன்னிக்கே பையில வெச்சிடறேன்."

திண்டிவனம் தாண்டி

பாயும் பாயம்மாவும் திருநெல்வேலிக்குக் கிளம்பினார்கள். வெயில் ஏறும் நேரம். வழியில் ஃபேனின் ஒயர் கழன்று நின்றுவிட்டது. பாயம்மா மூச்சு முட்டித் தடுப்பைத் தட்டியிருக்கிறார், கூப்பிட்டிருக்கிறார். முன்னால் உட்கார்ந்திருந்த பாய்க்கு எதுவும் கேட்கவில்லை. டீ குடிக்க நிறுத்திக் கதவைத் திறந்தபோது அவர் வேர்வையில் நனைந்து நினைவில்லாமல் கிடந்தார். பக்கத்து ஆஸ்பத்திரியில் இரண்டு நாள். பிழைத்துக்கொண்டார். ஆனால் வண்டி அங்கிருந்து வடக்கே திரும்பிவிட்டது.

பட்டறைக்கு வந்த பாய் சட்டையைப் பிடிப்பார் என்றிருந்தேன். பிடித்திருந்தால் மனசு கொஞ்சம் ஆறியிருக்கும். தடுப்பின்மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார்.

"நீ சொன்ன மாதிரியே ஒரு சத்தமும் வரல தம்பி. அவ கூப்பிட்ட சத்தமும் வரல."

கொலுசு

தடுப்பையும் பலகைகளையும் நானே அறுத்தெடுத்தேன். ஜன்னல் வைத்தேன், கூரையில் காற்றுப்போக்கி வைத்தேன். பழவேற்காடு போய்க் காட்டினேன். பாயம்மா கட்டிலில் படுத்தபடி போனில் பேத்தியைப் பார்த்துக்கொண்டிருந்தார். கொலுசு டப்பா தலையணைக்குப் பக்கத்தில் இருந்தது. வந்து ஒரு தடவை பாருங்கம்மா என்று கெஞ்சினேன். எனக்கு டீ கொடுக்கச் சொன்னார். வண்டிப் பக்கம் திரும்பவேயில்லை.

"உம்மேல கோவம் இல்ல தம்பி. ஆனா அந்தக் கதவ சாத்துனா, நான் இருக்கறது யாருக்கும் தெரியாது."

இப்போது வேன் கட்ட வருகிறவர்கள் எவ்வளவு சத்தம் குறையும் என்று கேட்கும்போதெல்லாம், உள்ளே யார் படுக்கப் போகிறார்கள் என்று கேட்டுவிட்டுத்தான் இந்த மீன் பெட்டிக்காரன் அளவு டேப்பைக் கையில் எடுக்கிறான்.