வெனிஸில் சொன்ன முகவரி

இரண்டு வருடங்களுக்கு முன், கோடை விடுமுறைக்கு அயனம்பாக்கத்திலிருந்து குடும்பத்தோடு வெனிஸுக்குப் போயிருந்தோம். மகனுக்கு ஏழு வயது, மகளுக்கு நாலு. இரண்டாம் நாள் காலை, பெரிய சதுக்கத்தில் மகனுக்கு ஷூ லேஸ் கட்டிவிட்டு நிமிர்ந்தபோது மகளைக் காணவில்லை. அவள் என் கணவரோடு இருப்பதாக நான் நினைத்திருந்தேன். அவரோ அவள் என்னோடு இருக்கிறாள் என்று நினைத்திருக்கிறார்.

அவர் ஒரு பக்கம் ஓடினார். நான் மகனை இழுத்துக்கொண்டு இன்னொரு பக்கம் போனேன். திரும்பிய இடமெல்லாம் தண்ணீர். அழுகை வரவில்லை. அவள் என்ன நிறச் சட்டை போட்டிருந்தாள் என்பதும் நினைவுக்கு வரவில்லை.

ஒரு பாலத்தருகே, ஐஸ்கிரீம் கடைப் படியில் உட்கார்ந்திருந்தாள். கடைக்காரப் பெண் எதிரே குந்தி இத்தாலிய மொழியில் ஏதோ கேட்க, மகள் நிதானமாகத் தமிழில் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"எங்க வீடு ஏரி பக்கத்துல. மூணாவது மாடி. லிஃப்ட் ரிப்பேர்."

தொலைந்துபோனால் வீட்டு அடையாளம் சொல்ல வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தவள் நான்தான்.

என்னைப் பார்த்ததும், "எங்கேம்மா போயிட்டே?" என்றாள்.

அன்று மதியமே இரண்டு பேர் கையிலும் பேனாவால் எங்கள் போன் நம்பரை எழுதினேன். மகனுக்கு வெட்கமாகிவிட்டது, முழுக்கைச் சட்டை கேட்டான்.