இரண்டு முறை இழுத்தால்

எங்கள் அப்பா ஆரணிக்கு அருகே பிறந்தவர். பத்தொன்பது வயதில் வேலை தேடிப் புனேவுக்கு வந்து, அங்குள்ள கட்கியிலேயே வாழ்ந்து ஓய்வு பெற்றார். நாற்பது வயதுக்குள் அவருக்கு இடது காது முழுவதும், வலது காது பாதியும் கேட்காமல் போயின.

தொண்ணூறுகளில் விடுமுறை கிடைத்தால் பவனா அணைக்கு மீன் பிடிக்கப் போவார். தார்ப்பாய்க் கூடாரம் போட்டுத் தங்குவார். அணைக்குக் கீழே பாறைமேல் நின்றுதான் தூண்டில் போடுவார். மதகு திறக்குமுன் ஊதும் சங்கு அவருக்குக் கேட்காது.

"இவள இட்டுக்கினு போங்க. இவதான் உங்க காது" என்று அம்மா ஒன்பது வயதான என்னையும் அனுப்பினார். நான் எழுதிய பட்டியல்: ஸ்டவ், தீப்பெட்டி, டார்ச், மண்புழு டப்பா, நைலான் கயிறு, நான்.

கயிற்றின் ஒரு முனை அப்பாவின் இடுப்பில். மறுமுனை கரைமேல் என் மணிக்கட்டில். ஒருமுறை இழுத்தால் டீ தயார். இரண்டு முறை இழுத்தால் சங்கு. சாப்பிடும்போதும் என் கண் மதகிலேயே இருக்கும்.

ஒருநாள் காலையில் சங்கு கேட்டது. இரண்டு முறை இழுத்தேன். தூண்டிலில் பெரிய கட்லா மாட்டியிருந்தது. அப்பா தூண்டிலை அப்படியே போட்டுவிட்டு ஏறி வந்தார். தண்ணீர் வரவில்லை. நான் கேட்டது மேல்சாலையில் போன லாரியின் ஹாரன்.

"காய் மாமா, மாசா கேலா!" மீன் போச்சே என்று அணைக் காவலாளி மராத்தியில் சொல்லிச் சிரித்தார். நான் அழுதேன்.

"இன்னாத்துக்கு அழுவுற? தப்பா இழுத்தாலும் பரவால்ல. இழுக்காம மட்டும் இருந்துடாத" என்றார் அப்பா.

நான் வேலைக்குச் சேர்ந்து புனேயிலேயே வாகட் பகுதியில் குடியேறிய பிறகும் அந்தப் பயம் போகவில்லை. அப்பா இருமினால் மருத்துவமனை. கால் வீங்கினால் மருத்துவமனை. "லாரிதாம்மா இது. சரி, வா போவலாம்" என்று சட்டையை மாட்டிக்கொண்டு வருவார். மூன்று முறை ஒன்றுமில்லை என்றார்கள். நான்காம் முறை இதயம். அது லாரி இல்லை.

அதன்பின் இரண்டு ஆண்டுகள் எங்களோடு இருந்தார். கடைசி நாள் பிற்பகலில், இன்னும் செய்யவேண்டிய பரிசோதனைகளை எழுதிவைத்து டாக்டரிடம் ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். அப்பா என் சுண்டுவிரலை இரண்டு முறை இழுத்தார். தாளை மடித்துவிட்டு அவர் அருகில் உட்கார்ந்தேன்.

ஆட்டோ கொண்டுவந்த கட்கி அண்டைவீட்டாருக்கும், இரத்தம் தந்த அப்பாவின் நண்பர்களுக்கும், ஊரிலிருந்து ஓடிவந்த உறவினர்களுக்கும் என உங்கள் அனைவருக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டுள்ளது. நான் அழைத்தபோதெல்லாம், லாரியா சங்கா என்று ஒருமுறைகூடக் கேட்காமல் எழுந்து வந்தீர்கள்.