ராஜாத்தி அக்காவைச் சைக்கிள் கொல்லவில்லை

காலையில் தபால் பையைப் பிரித்துக்கொண்டிருந்தபோது ராஜாத்தி அக்காவின் மகன் போன் செய்தான். "அக்கா, அம்மா போயிட்டாங்க" என்றான். குடுமியான்மலைப் பக்கத்தில் எங்கள் கிளைத் தபால் ஆபீசில் இருப்பதே இரண்டு பேர்தான். பதினொரு வருடமாக நான் போஸ்ட்மாஸ்டர், அவர் தபால்காரர். கதவைப் பூட்டிவிட்டு ஓடினேன்.

துக்க வீட்டுப் பந்தலில் ஒருவர் சொன்னார்: "நெஞ்சுக் கோளாறை வச்சுக்கிட்டுப் பொம்பள சைக்கிள் மிதிச்சா வேற என்ன ஆகும்?" சுற்றியிருந்தவர்கள் தலையாட்டினார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சாவு வீட்டில் சண்டை ஆகாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். இப்போது பதினாறாம் நாள் காரியமும் முடிந்துவிட்டது. அவரைத் தெரிந்த எல்லோரும் இதைக் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

ஏழு வருடத்துக்கு முன்னால் அவருக்கு நெஞ்சு தாறுமாறாகத் துடிக்க ஆரம்பித்தது. திருச்சி டாக்டர் துடிப்பை அடக்க மாத்திரை கொடுத்தார். முதல் மாதம் அக்கா பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். கை ஜில்லென்று கிடக்கும், கால் கனக்கும், உட்கார்ந்து எழுந்தால் தலை சுற்றும். ஒருநாள் சைக்கிளிலிருந்து இறங்கும்போதே கண் இருட்டி, என் மேல் சாய்ந்துவிட்டார். "மாத்திரைய விட்டுருங்கக்கா, இல்லாட்டி வேலைய விடுங்க" என்றேன். "ரெண்டையும் விட மாட்டேன். மருந்து ஒத்துக்கலைன்னா எழுதிக் குடுத்த ஆளுகிட்ட போயிச் சண்டை போடணும். நம்மளா நிறுத்தக் கூடாது" என்றார்.

சொன்னபடியே போனார். எந்த நேரத்தில் தலை சுற்றுகிறது, எப்போது கால் கனக்கிறது என்று பழைய டைரியில் எழுதிக்கொண்டு போய் டாக்டர் முன்னால் வைத்தார். டாக்டர் அளவைக் குறைத்து, நேரத்தையும் மாற்றிக் கொடுத்தார். சைக்கிள் ஓட்டலாம், ஆனால் இந்த மாத்திரை நாடித் துடிப்பை ஏறவிடாது, அதனால் நாடியைப் பார்த்துக் களைப்பை அளக்க முடியாது, மூச்சைப் பாருங்கள் என்றாராம். அக்கா அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். சைக்கிள் மிதித்துக்கொண்டே யாரிடமாவது பேசிக்கொண்டு போவார். ஆள் இல்லாவிட்டால் ஆட்டிடம் பேசுவார். "பேச்சு முட்டுச்சுன்னா காலை ஊனிருவேன், சாந்தி. அம்புட்டுத்தான்" என்பார்.

காலை ஊன்றியதும் வழியிலுள்ள பாலத்துக் கட்டையில் உட்கார்ந்து தண்ணீர் குடிப்பார். அதையும் நரம்பில்லாத நாக்கு விட்டு வைக்கவில்லை. "கவர்மெண்டு சம்பளம் வாங்கிக்கிட்டு காத்து வாங்குறா" என்றார்கள். தங்களுக்கு வரவேண்டிய பென்ஷன் மட்டும் ஒருநாள் தாமதமாகக் கூடாது இவர்களுக்கு. அக்கா சிரித்துவிட்டுப் போய்விடுவார். எனக்கு அந்தப் பொறுமை கிடையாது. ஏழு வருடத்தில் ஒரு தபால்கூட வீடு சேராமல் இருந்ததில்லை என்று இங்கே அழுத்தமாகவே சொல்லி வைக்கிறேன்.

இந்த வருடம் மகள் தலைப்பிரசவம் நல்லபடியாக முடிந்ததற்காக மாரியம்மனுக்குப் பால்குடம் எடுக்க நேர்ந்திருந்தார். நானும் அவரோடுதான் காப்புக் கட்டினேன்; சாவு வீட்டுக்கு ஓடிய அன்று அதைக் கழற்றிவிட்டுத்தான் போனேன். பத்து நாள் விரதம். கவுச்சி கிடையாது, ஊர் எல்லை தாண்டக் கூடாது. அக்கா லீவு போட்டார், சைக்கிளை வீட்டுச் சுவரில் சாத்தினார். அன்று கோயில் வாசலில், காப்புக் கட்டிவிட்ட பூசாரி பக்கத்திலேயே நிற்க, பெண்கள் நாலைந்து பேர் சொன்னோம், விரதத்தில் இங்கிலீஷ் மருந்து ஆகாது என்று. ஆமாம், சொன்னோம். நானும்தான். அக்கா யோசித்தார். "டாக்டருகிட்ட போன்ல ஒரு வார்த்தை கேட்டுக்கிறேனே" என்றார். "பத்து நாளுதானக்கா. ஆத்தாளுக்குத் தெரியாததா டாக்டருக்குத் தெரியப்போவுது?" என்று கேட்டது நான்.

ஒன்பதாம் நாள் விடியற்காலை, கோலம் போட வாசலுக்கு வந்தவர் அப்படியே விழுந்தார். எட்டு நாளாக அவர் சைக்கிளைத் தொடவே இல்லை. எட்டு நாளாக மாத்திரையையும் தொடவில்லை. திடீரென்று நிறுத்தினால் நெஞ்சு அடங்காமல் ஓடும் என்று டாக்டர் முன்பே எச்சரித்திருந்ததாக அவர் மகன் பிறகு சொன்னான். அப்புறமும் சைக்கிள்தான் கொன்றது என்கிறீர்களே, உங்களுக்கெல்லாம் மனசாட்சி என்று ஒன்று இருக்கிறதா?

பதினாறாம் நாளன்று பூசாரியிடம் கேட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "மாத்திரை ஆகாதுன்னு நான் எப்பம்மா சொன்னேன்? நான் சர்க்கரை மாத்திரைய முழுங்கிட்டுத்தான் கரகமே எடுக்குறேன். ஒருத்தியாச்சும் என்னைய வந்து கேட்டீங்களா?"

கேட்கவில்லை. அவ்வளவு பக்கத்தில் நின்றுகொண்டிருந்த மனிதரை ஒருவரும் கேட்கவில்லை. சைக்கிளைத் திட்டிக்கொண்டே இருந்தால் அடுத்த காப்புக்கும் யாராவது ஒருவர் மாத்திரையை நிறுத்துவார். அதனால் இதை ஊரறியச் சொல்கிறேன். ராஜாத்தி அக்காவின் டைரியை அவர் மகன் என்னிடம் கொடுத்திருக்கிறான். அதோடு நான் வைத்துக்கொள்ள வேண்டியது இன்னொன்றும் இருக்கிறது. பத்து நாளுதானக்கா என்று நான் சொன்ன சொல்.