கர்னல் கூவாத காலை

நான் பெங்களூர் வேலைக்குப் போக அத்தா ஒரே நிபந்தனைதான் போட்டார். "நீ இல்லாம கடை மிசினு ஒரு நாளு ஓடட்டும். அப்பறம் தாராளமாப் போ."

மிசின் என்றது, கம்பத்தில் எங்கள் திராட்சைக் கமிஷன் கடையில் நான் லினக்ஸ் இயங்குதளம் போட்டு வைத்திருந்த கணினியை. எடைத்தராசு அதோடு இணைந்திருக்கும். பெட்டியின் எடை பதிவானதும் கணினி 'கீ' என்று கூவும். லோடுமேன் தராசிலிருந்து பெட்டியை இறக்குவார்.

நான் கைவைக்காமல் மிசின் ஓடவேண்டிய நாளுக்கு முந்தின நாள், சும்மா இருக்க மாட்டாமல் புதுக் கர்னலை ஏற்றினேன். கணினியில் எல்லாவற்றுக்கும் அடியில் கிடந்து வேலை வாங்குவது கர்னல். அது மாறினாலும் மேலே ஓடும் நிரல்கள் கெடக்கூடாது என்பதில் அதை எழுதுகிறவர்கள் கறாரானவர்கள். அந்தத் தைரியத்தில் நான் சோதித்துக்கூடப் பார்க்கவில்லை.

காலையில் முதல் பெட்டி ஏறியது. திரையில் எடை விழுந்தது. சத்தம் இல்லை.

"எறக்குங்கண்ணே."

"இன்னும் கூவலையே பாப்பா," என்றார் லோடுமேன்.

"அதான் எடை தெரியுதே!"

"கூவாம எறக்குனா ஒங்க அத்தா வைவாக."

குமுளி மலை ஏற வேண்டிய லாரிக்காரர் ஹாரனை விடாமல் அடித்தார். என் நிரலிலோ பிழை எதுவும் இல்லை. அது கூவச் சொல்கிறது, கர்னலும் ஆகட்டும் என்கிறது, கூவத்தான் இல்லை. எங்கள் வீட்டு ஆண்கள் மாதிரியே.

வேறு வழியில்லாமல் தராசுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு பெட்டிக்கும் நானே "கீ" என்றேன். எம்.சி.ஏ. படித்த தொண்டை! விவசாயிகள் சிரித்தார்கள். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

லாரி போனபிறகு கண்டுபிடித்தேன். புதுக் கர்னலில் அந்தச் சத்தத்தைத் தனித் துண்டாகப் பிரித்துவிட்டிருந்தார்கள். நாம் ஏற்றினால்தான் ஏறும். ஒரே வரிக் கட்டளையில் ஏற்றினேன். அடுத்த லாரியின் முதல் பெட்டிக்கு மிசின் கணீரென்று கூவியது. லோடுமேன் பெட்டியைத் தொடாமல் என் வாயையே பார்த்தார்.

"நீ இல்லாம ஓடலையேம்மா," என்றார் அத்தா.

போச்சு பெங்களூர். ஆத்திரத்தோடு மைக்கை எடுத்து "கீ" என்று கத்திப் பதிவு செய்து, நிரலில் கோத்து, ஸ்பீக்கரில் விட்டேன். லோடுமேன் பெட்டியை இறக்கினார். மறுவாரம் நான் பஸ் ஏறினேன்.

பெருநாளுக்கு வந்தபோது கடையில் கணினியே புதுசு. கத்தல் மட்டும் என்னுடையது. கேட்கவே கூசியது. நல்லதாக வேறு பதிவு செய்து தருகிறேன் என்றேன்.

"அதத் தொட்டுறாதம்மா," என்று பதறினார் அத்தா. "லோடு நின்னுரும்."